‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’: காமாவையும் கொலம்பஸையும் எடைபோடுவது எப்படி?

நம் பள்ளிப் பாடங்களில் தலைமுறைகளாக இருந்துவரும் ஒரு மதிப்பெண் கேள்வி ஒன்று உண்டு: இந்தியாவுக்குக் கடல்வழி கண்டுபிடித்தவர் யார்? வாஸ்கோ ட காமா என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். பள்ளியைத் தாண்டிய பிறகு அதே பெயரை ஒட்டி வேறொரு கேள்வி எழுகிறது. அவர் சாதனையாளரா, கொலைகாரரா? இதற்குப் பெரும்பாலும் இரண்டே பதில்கள்தான் புழக்கத்தில் உள்ளன. கொலைகாரர் என்றபின் பேச ஒன்றுமில்லை என்பது ஒன்று. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள், இன்றைய அளவுகோலைக் கொண்டு அவர்களை அளக்கக் கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவது பதில் நிதானமானதாகவும் படித்தவர் வாயிலிருந்து வருவதாகவும் ஒலிப்பதால், பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில், ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம் எனப்படும் காலத்தில், கடலோடிகளாகப் புறப்பட்டு வன்முறையாளர்களாகவும் பெயரெடுத்த பலருள் காமாவையும் கொலம்பஸையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

பேருந்தில் புகைத்தவரும் பையனைக் கட்டிவைத்து அடித்தவரும்

முதலில் கடலை விட்டுவிட்டு நம் தெருவுக்கு வருவோம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓடும் பேருந்தில் உட்கார்ந்து பீடி குடித்தவர் ஒருவர் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் குழந்தை இருந்தது. இன்று அதைச் செய்தால் பேருந்தே அவர்மீது பாயும். அன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் புகை பக்கத்தில் இருப்பவரையும் கெடுக்கும் என்ற அறிவு அவரை எட்டவுமில்லை. அவரைக் கொடியவர் என்று இன்று நாம் சொன்னால் அது நியாயமாகாது.

அதே ஆண்டுகளில், அதே தெருவில், ஒரு கடைக்காரர் தம்மிடம் வேலைபார்த்த பத்து வயதுப் பையனைத் திருட்டுச் சந்தேகத்தில் தூணில் கட்டிவைத்து அடித்தார். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். யாரோ ஒரு கிழவி வந்து, ‘ஏம்ப்பா, அது பிள்ளையில்லையா’ என்று கேட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டாள். இந்தக் கடைக்காரரையும் ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்ற அதே வாக்கியத்தால் மூடிவிட முடியுமா?

முடியாது. முதலாமவர் செய்தது தவறென்று அவர் காலத்துக்கே தெரியாது. இரண்டாமவர் செய்தது தவறென்று அவர் தெருவுக்கே தெரிந்திருந்தது. இரண்டும் பழைய காலத்தில் நடந்தவைதாம் என்றாலும் ஒரே வகைப் பழையவை அல்ல.

நிகழ்காலவாதம்: எச்சரிக்கை எங்கே செல்லும்?

இன்று நமக்கு இயல்பாகிவிட்ட அறிவையும் விழுமியங்களையும் அவை இல்லாத காலத்தின்மேல் ஏற்றித் தீர்ப்புச் சொல்வதை வரலாற்றாய்வாளர்கள் நிகழ்காலவாதம் என்பார்கள். அது பிழைதான், அந்த எச்சரிக்கை நமக்குத் தேவைதான்.

காமாவின் முதல் பயணத்திலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன. 1497 ஜூலை 8 அன்று லிஸ்பனிலிருந்து நான்கு கப்பல்களில் புறப்பட்ட அந்தக் கூட்டம், 1498 மே 20 அன்று கோழிக்கோட்டுக்கு வடக்கே கப்பாடு அருகே நங்கூரமிட்டது. காமா உடனே கரையிறங்கவில்லை. தண்டனைக் கைதி ஒருவரைத்தான் முதலில் அனுப்பினார். ஆபத்தான இடங்களில் முதலில் இறக்கிவிடுவதற்கென்றே இத்தகைய கைதிகளைக் கப்பலில் ஏற்றி வருவது போர்த்துக்கீசிய வழக்கம். நமக்கு இது கொடுமையாகப் படுகிறது. அந்தக் கைதிகளுக்கோ, தூக்குக் கயிற்றுக்கும் இதற்கும் இடையில் கிடைத்த ஒரு வாய்ப்பு. கரையில் அந்த மனிதர் சந்தித்தது காஸ்டிலிய மொழி பேசத் தெரிந்த துனிஸ் நாட்டு முஸ்லிம்கள் இருவரை. எந்தப் பிசாசு உங்களை இங்கே கொண்டுவந்தது என்பதுதான் அவர்கள் கேட்ட முதல் கேள்வி. கிறித்தவர்களையும் நறுமணப் பொருள்களையும் தேடி வந்தோம் என்று பதில் வந்தது. பிறகு காமாவும் அவருடைய ஆட்களும் ஓர் இந்துக் கோயிலைத் தேவாலயம் என்று எண்ணி உள்ளே வழிபட்டார்கள். கிழக்கே கிறித்தவர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, முஸ்லிம் அல்லாதவர் எல்லாரும் கிறித்தவராகத் தோன்றியதில் வியப்பில்லை. இவற்றை வைத்து அவர்களை மூடர் என்றோ தீயவர் என்றோ சொன்னால் நாம் பேருந்தில் புகைத்தவரைக் கூண்டில் ஏற்றுகிறோம்.

ஆக, ஒருவர் அறியாததற்கும், அவர் காலத்தில் எவருக்கும் உறுத்தாததற்கும் இன்று பழி சுமத்தக் கூடாது. எச்சரிக்கை செல்லும் தூரம் அவ்வளவுதான்.

1502, ஏழிமலைக்கு எதிரே

இனி கடினமான பகுதிக்கு வருவோம். முதல் பயணத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே கப்ரால் என்பவரின் தலைமையில் ஒரு கப்பற்படை வந்தது. 1500 டிசம்பரில் கோழிக்கோட்டில் இருந்த போர்த்துக்கீசியப் பண்டகசாலையைக் கூட்டம் தாக்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட போர்த்துக்கீசியர் இறந்தனர். கப்ரால் பதிலுக்குத் துறைமுகத்தில் நின்ற கப்பல்களைப் பிடித்து, அவற்றில் இருந்த நூற்றுக்கணக்கானோரைக் கொன்று, நகரத்தின்மீது பீரங்கியால் சுட்டுவிட்டுப் போனார். இந்தக் கணக்கைத் தீர்க்கவும் வணிகத்தைக் கைப்பற்றவும் 1502இல் காமா பெரிய கப்பற்படையோடு திரும்பி வந்தார்.

அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் கண்ணூருக்கு வடக்கே, ஏழிமலைக்கு எதிரே உள்ள கடலில், மக்காவிலிருந்து கோழிக்கோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீரி என்ற கப்பல் அவர் கையில் சிக்கியது. ஹஜ் பயணிகளும் செல்வமிக்க வணிகர்களும் அதில் இருந்தனர். பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். எத்தனை பேர் என்பதில் பதிவுகள் மாறுபடுகின்றன. சில நூறு பேர் என்பதில் ஐயமில்லை. ஜவ்ஹர் அல் ஃபக்கீ என்ற பெருவணிகர் மீட்புப்பணம் தருவதாகப் பேசினார். கோழிக்கோட்டில் சமாதானம் செய்துவைப்பதாகவும் சொன்னார். காமா ஏற்கவில்லை. பொருள்களை எடுத்துக்கொண்டபின் ஆட்களோடு சேர்த்துக் கப்பலுக்குத் தீ வைக்கச் சொன்னார். பெண்கள் தங்கள் நகைகளைக் காட்டியும், கைக்குழந்தைகளைத் தூக்கிக் காட்டியும் கெஞ்சினார்கள். கப்பலில் இருந்தவர்கள் தீயை அணைத்துக்கொண்டும் கையில் கிடைத்ததை வீசியும் போரிட்டார்கள். முடிவில் கப்பல் எரிந்தது. கிறித்தவராக்குவதற்கென்று எடுத்துக்கொண்ட குழந்தைகள் சிலரைத் தவிரப் பெரும்பாலோர் அதோடு மடிந்தார்கள்.

இதை நமக்கு விரிவாகச் சொல்பவர் யார் என்பதில்தான் இக்கட்டுரையின் மையம் இருக்கிறது. சொல்பவர் முஸ்லிம் அல்லர், மலையாளியும் அல்லர். காமாவின் கப்பற்படையில் எழுத்தராக வந்த தோமே லோப்பிஷ் என்ற போர்த்துக்கீசியர் அவர். 1502 அக்டோபர் 3ஆம் நாளைத் தம் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கப் போவதாக எழுதுகிறார். தம் தலைவர் செய்ததைக் கொடூரம் என்றும் இரக்கமற்றது என்றும் அவரே குறிக்கிறார். ஐந்நூறு ஆண்டு கழித்து வந்த நாம் வைத்த பெயரல்ல அது. சம்பவத்தின்போது காமாவின் கப்பற்படையிலேயே இருந்தவர் வைத்த பெயர்.

அடுத்த சில வாரங்களில் காமா கோழிக்கோட்டுக்கு எதிரே நின்று, நகரத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்ற வேண்டும் என்று அதன் மன்னர் சாமூதிரியிடம் கேட்டார். தம் துறைமுகம் என்றும் எல்லாருக்கும் திறந்தே இருந்துவந்தது என்று சொல்லிச் சாமூதிரி மறுத்தார். மீன்பிடி படகுகளிலும் சிறு படகுகளிலும் பிடிபட்ட முப்பதுக்கும் மேற்பட்டவர்களை காமா பாய்மரங்களில் தூக்கிலிட்டார். பிறகு அவர்களுடைய தலைகளையும் கைகால்களையும் வெட்டி ஒரு படகில் போட்டு, கடிதத்தோடு கரைக்கு அனுப்பினார்.

அந்தக் காலத்துக்கு ஒரே குரலா இருந்தது?

‘அந்தக் காலத்தின் அளவுகோல்’ என்று சொல்லும்போது, ஒரு காலம் முழுவதற்கும் ஒரே அளவுகோல் இருந்ததுபோல் நாம் பேசிவிடுகிறோம். இன்றைய நம் காலத்துக்கு அப்படி ஓர் அளவுகோல் இருக்கிறதா? ஒரு தெருவுக்கே கிடையாது.

காமா பிறப்பதற்கு முன்பே, 1444இல், போர்த்துக்கல்லின் லாகுஷ் துறைமுகத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பங்குபோட்டார்கள். தாயையும் பிள்ளையையும் வேறு வேறு பங்கில் வைத்தபோது எழுந்த அழுகுரலைப் பதிவுசெய்தவர் அரசவை வரலாற்றெழுத்தர் சுராரா. அந்த அடிமை வணிகத்தைப் புகழ்ந்து எழுதுவதுதான் அவர் பணி. ஆயினும் அந்த இடத்துக்கு வரும்போது, எந்த நெஞ்சுதான் இதற்கு இளகாது என்று எழுதுகிறார். பிறகு, அவர்களுடைய ஆன்மா மீட்கப்படும் என்று சொல்லித் தம்மையே தேற்றிக்கொண்டு மேலே போகிறார். உறுத்தல் இருந்தது; அதை அமர்த்த ஒரு காரணமும் கையருகே இருந்தது. அந்தக் காலத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் பக்கத்தை நான் படித்ததில்லை.

மேற்கே, கொலம்பஸ் பிடித்த ஹிஸ்பானியோலா தீவில் (இன்றைய ஹைத்தியும் டொமினிக்கன் குடியரசும்) இந்த உறுத்தல் வெளிப்படையாகவே வெடித்தது. 1511 டிசம்பரில் சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தில் அந்தோனியோ தெ மோந்தெசினோஸ் என்ற துறவி பிரசங்க மேடையில் ஏறினார். எதிரே அமர்ந்திருந்தவர்கள் எங்கோமியெண்டா முறையால் வாழ்ந்தவர்கள். தீவின் பூர்வ குடிகளில் இத்தனை பேருடைய உழைப்பு இன்னாருக்கு என்று ஸ்பானியக் குடியேறிகளுக்கு எழுதிக்கொடுப்பதே அந்த முறை. எந்த உரிமையில், எந்த நீதியில் இந்த மக்களை இப்படிக் கொடிய அடிமைத்தனத்தில் வைத்திருக்கிறீர்கள், இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று அவர் அந்த முகங்களைப் பார்த்தே கேட்டார். நம் தெருவில் கட்டை அவிழ்த்த கிழவி கேட்டதும் இதே கேள்விதான்.

பாதிக்கப்பட்டவர்களின் குரலும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். ‘எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்’ என்பதில் அந்த ‘எல்லாரும்’ யார்? சாமூதிரியின் மறுப்பு அந்தக் கணக்கில் சேரவில்லை. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொன்னானியிலிருந்து போர்த்துக்கீசியரின் கொடுமைகளை அரபு மொழியில் வரிசைப்படுத்திய ஸைனுத்தீன் மக்தூமும் சேரவில்லை. மீரியின் மேல்தளத்தில் குழந்தையைத் தூக்கிக் காட்டியவள் தனக்கு நேர்வது அநீதி என்று உணர இன்னும் ஐந்நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால் இவ்வளவே: அந்தக் காலத்து அளவுகோலையே எடுத்து அளந்தாலும் மீரியை எரித்த செயல் பழியிலிருந்து தப்பாது. இதில் நிகழ்காலவாதம் எதுவும் இல்லை.

செயல், ஆள், விளைவு

விவாதங்கள் குழம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு செயல் தவறா என்பது ஒரு கேள்வி. செய்தவரை எந்த அளவுக்குக் குற்றம் சொல்லலாம் என்பது வேறு கேள்வி. அவருக்குப் பின் உலகில் நடந்தவற்றில் அவர் பங்கு என்ன என்பது மூன்றாவது. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எடை தெரியாது. அறக்கடன் என்ற சொல்லை இந்த மூன்றாவதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம்: ஒருவர் விட்டுச்சென்றதில் பின்வந்தவர்கள் தலையில் இறங்கிய நன்மையும் தீமையும்.

கொலம்பஸை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவினை எவ்வளவு உதவுகிறது என்பது தெரியும். செயல்களைப் பற்றி ஐயம் குறைவு. 1495இல், ஹிஸ்பானியோலாவின் பூர்வ குடிகளான தாய்னோ மக்களில் சுமார் ஐந்நூறு பேரை அடிமைகளாகக் கப்பலேற்றி ஸ்பெயினுக்கு அனுப்பினார். ஏறத்தாழ இருநூறு பேர் வழியிலேயே இறந்தனர். பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிறு மணியின் உட்குழி நிறையத் தங்கம் கொண்டுவர வேண்டும் என்று வரி விதித்தார். அந்தத் தீவிலோ அவ்வளவு தங்கம் கிடையாது. அரசி இசபெல்லாவுக்கே இந்த அடிமை வணிகம் உறுத்தலாக இருந்தது; விற்பனையை நிறுத்திவைத்து இறையியலாளரிடம் கருத்துக் கேட்கச் சொன்னார். அவர் கருணை எல்லையற்றதாக இருக்கவில்லை, எதிர்த்துப் போரிட்டவர்களை அடிமையாக்க அவர் ஆட்சியிலேயே இடமிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1500இல் விசாரணைக்கு வந்த பொபதியா என்ற அதிகாரி கொலம்பஸைக் கைதுசெய்து விலங்கு பூட்டி ஸ்பெயினுக்கு அனுப்பினார். அந்த விசாரணை அறிக்கையின் படி ஒன்று ஸ்பெயினின் சிமான்காஸ் ஆவணக் காப்பகத்தில் கிடைத்து 2006இல் வெளிவந்தது. காது, மூக்கை அறுத்த தண்டனைகளைக் குறித்து அதில் சாட்சியங்கள் உள்ளன. சாட்சிகளில் கொலம்பஸின் பகைவர்களும் இருந்தார்கள் என்பதால் ஒவ்வொரு வரியையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. மொத்தத்தையும் தள்ளிவிடவும் முடியாது.

விளைவுக்கு வந்தால் கணக்கு கடினமாகிறது. தாய்னோ மக்களின் அழிவைப் பற்றிப் பேசும்போது, கொன்றது நோய்தான், கொலம்பஸ் அல்லர் என்ற வாதம் உடனே வரும். கிருமியைப் பற்றி அன்று எவருக்கும் தெரியாது என்பது உண்மை; அந்தப் பழியை அவர்மேல் போடுவது நிகழ்காலவாதம்தான். ஆனால் ஹிஸ்பானியோலாவில் பெரியம்மை பரவியது 1518ஆம் ஆண்டின் இறுதியில். அதற்கு நான்காண்டு முன்பு, 1514இல் எடுத்த கணக்கிலேயே தீவில் சுமார் 26,000 பூர்வ குடிகள்தான் எஞ்சியிருந்தார்கள். தொடக்கத்தில் இருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் என்பதிலிருந்து பல பத்து லட்சம் என்பது வரை மதிப்பீடுகள் விரிகின்றன. குறைந்த மதிப்பீட்டை எடுத்தாலும் பேரழிவு அதற்குள் நடந்துவிட்டிருந்தது. வேறு நோய்கள் முன்பே வந்திருக்கலாம். ஆனாலும் சுரங்கத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டு, விதைக்க ஆளின்றிப் பட்டினி கிடந்த உடலில் எந்த நோயும் எளிதில் வேலையை முடிக்கும். நோயையும் சுரங்கத்தையும் இரு தனிக் காரணங்களாக எழுதுவதே தவறான கணக்கு.

திறமையின் கணக்கும் தனி. 1497இல் காமா ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போகாமல், காற்றைப் பிடிக்க அட்லாண்டிக்கின் நடுவே பெரிய வளைவெடுத்து, ஏறத்தாழ மூன்று மாதம் நிலத்தையே காணாமல் ஓடித் தென்னாப்பிரிக்கக் கரையைத் தொட்டார். மாலுமித் தொழில் அறிந்த எவரும் இன்றும் வியக்கும் ஓட்டம் அது. மீரியை எரித்ததால் இது பொய்யாகிவிடாது. இதைச் செய்ததால் மீரியின் தீ அணைந்துவிடாது. ‘மொத்தத்தில் நல்லவரா, கெட்டவரா’ என்ற கேள்வி, இரண்டையும் கூட்டிக் கழித்து ஓர் எண் வரும் என்று எதிர்பார்க்கிறது. அப்படி ஓர் எண் இல்லை.

எதிர்த்தவர்களும் தராசில் ஏறுவார்கள்

மோந்தெசினோஸின் பிரசங்கத்தை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர் பர்தொலொமே தெ லாஸ் காசாஸ். அவரும் முதலில் எங்கோமியெண்டா வைத்திருந்தவர். 1514இல் அதைத் துறந்து, பிறகு அரை நூற்றாண்டு பூர்வ குடிகளுக்காக வாதாடினார். அதே லாஸ் காசாஸ், அந்த மக்களைக் காப்பாற்றும் வழியாக, ஆப்பிரிக்க அடிமைகளைத் தீவுக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு கட்டத்தில் பரிந்துரைத்தார். பின்னாளில் அதற்காக வருந்தி, அதுவும் அதே அநீதிதான் என்று எழுதினார். கொலம்பஸை வெள்ளையடிக்க இவரை இழுப்பவர்கள் உண்டு: பார்த்தீர்களா, அவர்களில் நல்லவரே இப்படித்தான் என்பார்கள். எனக்கோ இது எதிர்த்திசையில் சாட்சி சொல்வதாகப் படுகிறது. தம் காலத்துக்குள்ளேயே ஒருவர் தம் தவற்றைக் கண்டுகொண்டு திருத்த முடிந்தது என்றால், காலம் ஒரு பூட்டிய அறையாக இருக்கவில்லை.

நம் கையில் இருப்பதும் அதே தராசாக இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதும்போது சொல்லாமல் விட முடியாது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கப்பல்கள் கடல் கடந்து, இன்றைய இந்தோனேசிய, மலேசியப் பகுதிகளில் இருந்த ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கின. ‘கடாரம் கொண்டான்’ என்ற பட்டத்தை நாம் பெருமையோடு சொல்கிறோம். கடாரத்து மக்கள் அன்று எழுதிவைத்தது எதுவும் நம் பாடநூலில் இல்லை. காமாவைப் பற்றிப் பேசும்போது கோழிக்கோட்டின் குரலைத் தேடும் நாம், இங்கே கடாரத்தின் குரலைத் தேடுவதில்லை. இரண்டு நிகழ்வுகளும் ஒன்றல்ல. தேட வேண்டிய கடமை மட்டும் ஒன்றுதான்.

நினைவுச் சின்னம் என்ன சொல்கிறது?

ஒருவர் செய்ததை அறிவது வேறு, அவரைக் கொண்டாடுவது வேறு. சிலை, பாலம், தெருப்பெயர் ஆகியவை வரலாற்றைச் சொல்வதைவிட அவற்றை வைத்தவர்களின் மதிப்பைத்தான் அதிகம் சொல்கின்றன. 1998இல், காமா வந்ததன் ஐந்நூறாம் ஆண்டில், லிஸ்பனில் தேஜோ ஆற்றின்மேல் அவர் பெயரில் நீண்ட பாலம் திறந்தார்கள். அதே ஆண்டு கேரளத்தில் அவர் வருகையைக் கொண்டாடுவதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்தன. இரு இடங்களிலும் தகவல் ஒன்றே. நினைவுகூரும் விதம் வேறு.

கப்பாடு கடற்கரையில் ஒரு சிறு கற்றூண் நிற்கிறது. வாஸ்கோ ட காமா 1498இல் இங்கே கரையிறங்கினார் என்று மட்டும் அதில் பொறித்திருக்கிறது. புகழ்ச்சி ஏதும் இல்லை. கல் சொல்வதும் முழுச் சரியல்ல. கப்பல்கள் கப்பாட்டிலிருந்து சற்று வடக்கே பந்தலாயினிக்கு நகர்ந்தபின், மே 28 அன்றுதான் காமா அங்கே கரையிறங்கினார்; கப்பாடு, அவர் கோழிக்கோட்டுக்குப் போகும் வழியில் தங்கிச்சென்ற ஊர். உடன் வந்தவர் ஒருவரின் நாட்குறிப்பு அந்தத் தங்கலைக் குறித்திருக்கிறது. ஊர்க்காரர்கள் அவர்களை ஒரு பெரியவரின் வீட்டில் அமர்த்தி, சோறும் அதன்மேல் நிறைய நெய்யும், நன்றாக வேகவைத்த மீனும் பரிமாறினார்கள். மற்றவர்கள் உண்டார்கள், காமா மட்டும் வேண்டாம் என்றார். நான்கரை ஆண்டு கழித்து அவருடைய கப்பல்களின் பாய்மரங்களில் தொங்கியவர்களும் இந்தக் கரையில் மீன் பிடித்தவர்கள்தாம்.